செருப்பு விடும் இடத்தில் ஒரு கூட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை மும்பை மாட்டுங்காவில் ஒரு சபாவில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு, ஊனமுற்றோர் உரிமைகள். போனால்... வாசலிலேயே மறியல்!

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்கோ. உள்ளே சுவாமி படம் இருக்கு. செருப்பை இங்கேயே விட்டுடுங்கோ" என்றார் செயலாளர்.

புதிய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். என் இடது காலில் போலியோ. தூதரக வேலையில் சேர்ந்த பிறகு வந்தது. முழங்காலிலிருந்து இரும்புப் பட்டை. பூட்ஸோடு சேர்த்து முடுக்கியிருக்கும். பூட்ஸைக் கழற்றினால் என்னால் நிற்கவே முடியாது. 'ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள்' என்று அன்று டெல்லியில் ஓர் அதிகாரி உபதேசித்தார். "என் வேலை பேசுவதா, ஓடுவதா?" என்று கேட்டேன். அப்புறம் இதே பூட்ஸோடு எத்தனையோ மகாநாட்டு மேடைகளில் ஏறி, எங்களுக்கு இரக்கம் வேண்டாம், வழியை விடுங்கள் என்று வாதாடியிருக்கிறேன். மாட்டுங்காவில் போய்த் தோற்பேனா?

"இது செருப்பு இல்லை சார். என் கால்."

"தெரியறது மேடம்... ஆனா மத்தவா என்ன சொல்லுவா? நாற்காலியில உக்காருங்கோ, நாலு பசங்க அப்படியே தூக்கிண்டு போயிடுவா."

நான் என்ன உற்சவ மூர்த்தியா?

அப்போது கீழேயிருந்து ஒரு குரல். தாராவிப் பட்டறைத் தொழிலாளி இசக்கிமுத்து. இரண்டு கால்களும் விளங்காது. சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, கையால் தள்ளியே என் பேச்சைக் கேட்க வந்திருந்தார். தெருவில் உருளும் பலகை ஆயிற்றே... அவரையும் செருப்புகளுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

"எக்கா, கழட்டிராதீக. எம் பலவையையும் 'பாஹர் ரகோ', வெளிய வையின்னுட்டான் வாட்ச்மேன். நீங்களே கழட்டிட்டா, பொறவு எங்களை யாரு உள்ள விடுவா?"

சுரீரென்றது எனக்கு.

"மைக்கை இங்கே கொண்டு வரச் சொல்லுங்கோ. பேச்சு இங்கேதான்!" என்றேன் செயலாளரிடம்.

முணுமுணுப்பு, சலசலப்பு, ஒரே ரகளை. கடைசியில் மைக் வந்தது. நாற்காலிகள் எல்லாம் வாசலைப் பார்த்துத் திரும்பின. எல்லோருக்கும் முன்னால் இசக்கிமுத்து. செருப்புக் குவியலுக்கு நடுவே நின்று, சபாவை ஒரு பிடி பிடித்தேன்.

முடிந்ததும் செயலாளர் பொன்னாடையோடு வாசலுக்கே வந்தார். போர்த்துகிற அவசரத்தில் என் பூட்ஸை மிதித்துவிட்டார். பதறிக் குனிந்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஐயையோ, மன்னிக்கணும் மேடம்... காலை மிதிச்சுட்டேன்!"

கால்! அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு நானும் இசக்கிமுத்துவும் நேரே உள்ளேதான் — யார் தடுக்கிறார்கள், பார்ப்போம்.