அலமாரிக்குள் செம்பருத்தி

இருபது வருஷமாக ஒளிச்சேர்க்கைப் பாடம் நடத்துகிற நான், ஒரு செடியை ஆறு நாள் இருட்டில் பூட்டி வைத்தேன். இதைவிடப் பெரிய மடத்தனம் செய்த அறிவியல் வாத்தியார் யாராவது இருந்தால், அவரோடு உட்கார்ந்து ஒரு காபி சாப்பிட ஆசை.

அல்சூரில் எங்கள் பள்ளிக்கூடம் முழுக்க சிமென்ட். சோதனைக்கு இலை வேண்டுமென்றால் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். என் மனைவி குச்சி நட்டு வளர்த்த செம்பருத்தி அப்போதுதான் முதன்முதலாக நான்கு மொட்டு விட்டிருந்தது. "ரெண்டே நாள்" என்று கெஞ்சி, தொட்டியோடு தூக்கிப் போனேன்.

இலை வெயிலை வாங்கி, காற்றையும் தண்ணீரையும் கொண்டு தனக்கான மாவைத் தானே சமைத்துக்கொள்கிறது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட, முதலில் செடியை இருட்டில் வைத்து, இருக்கிற மாவைத் தீர்க்க வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் ஆய்வக அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

வியாழக்கிழமை அட்டெண்டர் வந்து, "சார், நாளைக்கு ரஜா, ஸ்கூல் லீவு. பந்த் பண்றாங்களாம்," என்றார். பிறகு சனி, ஞாயிறு. திங்கள் பண்டிகை.

எதிரே நான்கு மாடி எழும்பிய பிறகு, எங்கள் பால்கனியில் காலை எட்டு முதல் பத்து வரை ஒரு பாய் அகலத்துக்குத்தான் வெயில். தொட்டி இருந்த இடம் காலி. அங்கே நாற்காலியைப் போட்டு நான்கு நாளும் சாய்ந்து கிடந்தேன்.

"செடி அங்க தனியா என்ன பண்ணுது?" என்றாள் மனைவி.

"ரெஸ்ட் எடுக்குது. என்னை மாதிரி."

போய் எடுத்து வரலாம் என்று தோன்றாமல் இல்லை. எழுந்திருக்கத்தான் உடம்பில் தெம்பில்லை.

செவ்வாயன்று அலமாரியைத் திறந்தேன். இலைகள் மஞ்சள். நான்கு மொட்டும் மண்மேல் கிடந்தன. ஓர் இலையைக் கிள்ளி, ஸ்பிரிட்டில் வேகவைத்து, அயோடின் விட்டேன். மாவு இருந்தால் நீலக்கறுப்பாகும். ஒரு பொட்டுகூட ஆகவில்லை. பாடம் பிரமாதமாக நடந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் தொட்டியை மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அவள் தண்டை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை இருந்தது. எனக்கு உயிர் வந்தது. உடனே வாத்தியாரும் வந்துவிட்டார்.

"பொழச்சிக்கும். தினம் ரெண்டு மணி நேரம் நேர் வெயில் பட்டா போதும், மறுபடி சமைக்க ஆரம்பிச்சிடும்."

அவள் பால்கனியைப் பார்த்தாள்.

"அப்ப நாற்காலிய எடுங்க."