நாடகத்துக்கு அழுதவள்

எங்கள் வீட்டுக்குள் ஆங்கிலத் தொடர்நாடகம் வந்ததற்குக் காரணம் லண்டன் ஆசை. சூரிச்சுக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த டீட்டிகோனில் எங்களுக்குத் தெரிந்த நாலைந்து குடும்பங்கள் சுவிஸ் பாஸ்போர்ட் கிடைத்த கையோடு, பிள்ளைகளை ஆங்கிலத்தில் படிப்பிக்கவென்று அங்கே போயிருந்தன. என் அண்ணரும் அங்கேதான். நாங்களும் போவதாக இருந்தோம். நான் முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்தேன். ஜெர்மனே தட்டுத்தடுமாறித்தான் வரும், ஆங்கிலம் அறவே வராது.

"நாடகத்தைப் பாருங்கோ அம்மா, தன்ரபாட்டில வரும்" என்றாள் மகள். அப்போது அவளுக்குப் பதினாலு வயது.

கேபிளில் பிரிட்டிஷ் சானல்கள் வந்தன. வேலையால் வந்து சமைத்துச் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் தொலைக்காட்சிக்கு முன்னால் செற்றியில் இருப்போம். ஒரு சிறிய நகரம், ஒரு கடைத்தெரு, ஏழெட்டுக் குடும்பங்கள். கதை அவ்வளவுதான். விளங்காத சொற்களை மகள் தமிழில் சொல்லுவாள்.

நாங்கள் பார்க்கத் தொடங்கியபோது அந்தத் தெருவில் ஒரேயொரு இந்தியர், ஒரு கடைக்காரர். அவர் வாய் திறந்தாலே மற்றவர்கள் சிரிப்பார்கள். வருஷம் போகப் போகத் தெரு மாறியது. கறுப்பினப் பெண்ணொருத்தி டொக்டராக வந்தாள். குழாய் திருத்த வந்த போலந்துக்காரன் அங்கேயே குடியேறினான். கடைக்காரரின் குடும்பம் மருந்துக்கடை திறந்தது, பிறகு அவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. சுவிஸ் தொலைக்காட்சிக் கதைகளில் எங்களைப்போல ஒரு முகத்தை நான் கண்டதில்லை. "அங்க எங்களையும் மனிசராய்க் காட்டுறாங்கள் பாருங்கோ" என்பேன். கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கமாட்டார்.

பிறகு அந்த மருந்துக்கடைக் குடும்பத்தின் மகள், தான் ஒரு பெண்ணை விரும்புவதாக வீட்டில் சொன்னாள். தாய் அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். மாதக்கணக்காக அந்தக் கதை போனது. கடைசியில் தாயே மகளைத் தேடிப் போய்க் கட்டிப்பிடித்தாள். நான் விம்மி விம்மி அழுதேன்.

"பெத்த பிள்ளையை எப்பிடி வெளியில விடுறது? ஆரை விரும்பினால் என்ன, பிள்ளை பிள்ளைதானே."

மகள் திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "உண்மையாவோ அம்மா?"

"ஓம், உண்மையாத்தான்."

அப்போது அவளுக்குப் பத்தொன்பது. அந்தக் கேள்வியை நான் ஒரு கேள்வியாகவே எடுக்கவில்லை.

லண்டன் பயணம் நடக்கவில்லை. கணவர் ஒவ்வொரு வருஷமாகத் தள்ளிப்போட்டார். பிறகு பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது, எங்கள் பாஸ்போர்ட்டோடு நினைத்தபடி போய்க் குடியேற முடியாமல் போயிற்று. மகள் படித்து முடித்துப் பாசல் நகரத்தில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். நான் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டு நின்றேன்.

"அம்மா, நான் ஒராளை விரும்பிறன். அவ ஒரு பொம்பிளை."

என் வாயில் முதல் வந்தது இதுதான். "இனி நான் எப்பிடிக் கோயிலுக்குப் போறது?"

"நீங்கள் அண்டைக்குச் சொன்னனீங்கள் அம்மா, பிள்ளை பிள்ளைதான் எண்டு."

"அது நாடகமடி! வெள்ளைக்காரற்ர நாடகம்."

"அதில வந்தது எங்களைப்போல ஆக்கள்தானே."

"அப்பிடியெண்டால் அங்க போய் இரு. இஞ்ச வராத."

கணவர் குசினி வாசலில் நின்றார். ஒரு சொல் பேசவில்லை. மகள் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனாள். லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய் மறித்திருக்கலாம். வெட்டிய லீக்ஸைக் கழுவினேன்.

அன்று பின்னேரம் அண்ணருக்குப் போன் எடுத்தேன். அந்த நாடகம் எடுக்கும் நாட்டில் இருப்பவர், ஆறுதலாக ஏதாவது சொல்லுவார் என்று நம்பினேன்.

"நீ ரிவியில பாக்கிற இங்கிலாந்து எங்கட வீட்டுக்குள்ள இன்னும் வரேல்லை" என்றார். "வெளியில தெரிஞ்சால் என்ர பிள்ளையளின்ர கலியாணமும் குழம்பும். ஒருத்தருக்கும் சொல்லாத."

நான் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் பிள்ளைக்கு வேலை கூட, வர நேரமில்லை என்றேன். நாடகத்தில் அந்தத் தாய்க்கு மனம் மாற மாதங்கள் எடுத்தன. எனக்கும் காலம் இருக்கிறது, ஒருநாள் நானாகப் போவேன் என்று நினைத்துக்கொண்டே இரண்டு வருஷத்தைக் கடத்தினேன்.

பெண்ணைப் பெண் கலியாணம் கட்டலாமென்று இங்கும் சட்டம் வந்தது. அவள் கலியாணம் கட்டினாள். ஓர்லிகோனில் ஒரு தமிழ்க் கடையில் வேலை செய்யும், எனக்குத் தெரிந்த பெண்ணொருத்தி கைபேசியில் கலியாணப் படத்தைக் காட்டித்தான் எனக்குத் தெரியும். மகள் சிவப்புச் சேலை உடுத்திருந்தாள். அவளுக்குச் சேலை கட்டத் தெரியாது. யார் கட்டிவிட்டது என்று யோசித்தபடியே வீடு வந்தேன்.

அடுத்த மாரியில் கணவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மகள் செத்தவீட்டுக்கு வந்து பின்வரிசையில் நின்றாள், சாப்பாட்டுக்கு முன்னே போய்விட்டாள். ஒரு மாதம் கழித்து நான் பாசலுக்குப் போனேன். ரயிலால் இறங்கி ட்ராமில் ஏறி, விலாசத்தைக் கையில் பிடித்தபடி போய் மணியை அடித்தேன். மகள்தான் திறந்தாள். அவளுடைய மனைவி மரியாதையாக வணக்கம் சொல்லி, தேத்தண்ணி வைத்துத் தந்துவிட்டு உள்ளே போனாள்.

"ஏன் அம்மா வந்தனீங்கள்?"

"உன்னைப் பாக்க."

"அப்பா இருக்கேக்கை வந்திருக்கலாம்."

"அவர் விடேல்லை."

"அப்பா ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள்தான் கதைச்சனீங்கள்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "கோவமோ?" என்று கேட்டேன்.

"இல்லை. கோவமெல்லாம் முடிஞ்சுது. நீங்கள் இல்லாமல் இருக்கப் பழகிட்டன்."

அவள் அதைச் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நான் இருந்து அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேன். நேரத்தைக் கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். ட்ராம் தரிப்பிடம் வரை கூட வந்தாள், ட்ராம் வருமுன் திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகு வரட்டோ என்று இரண்டு தரம் கேட்டேன். வரவேண்டாம் என்று செய்தி அனுப்பினாள். போன சித்திரையில் அவர்களுக்கு ஒரு குழந்தை பிறந்திருக்கிறதாம். அதுவும் அந்தக் கடைப் பெண் சொல்லித்தான் தெரியும். என்ன பெயர் என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.