ஜன்னலோரம் மட்டும் கேட்ட குரல்

வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டதிலேயே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான். பேச்சில் சிக்கனம், மாத்திரை விஷயத்தில் கறார். முந்தைய வீட்டில் மாத்திரையைக் கூட்டிய மறுவாரமே பெரியவர் ஒருவர் அரைத்தூக்கத்தில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அது இன்னும் அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

இப்போது அவள் பொறுப்பில் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பக்கவாதத்தில் நடைதான் தள்ளாடியது, புத்தி தெளிவு என்று நினைத்திருந்தாள். அந்த நினைப்பில் மண் விழுந்தது.

"ரேடியோக்காரன் என்னைப் பார்த்துப் பேசறான், சிஸ்டர். சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கேன்னு கிண்டல் வேற."

ஜன்னலோரம் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அவர் மட்டுமே கேட்கும் ரேடியோ அது. பின்கட்டுச் சமையலறைக்கு எடுத்துப்போய்ப் பார்த்தாள். வெறும் இரைச்சல்.

அவர் மகனிடமும் அதையே சொன்னார். மகன் உடனே டாக்டருக்குப் போன் போட்டான். "மனப்பிரமையாம், சிஸ்டர். மாத்திரை வாங்கிட்டு வரேன். இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்."

டிரைவர் மதியம் கண்ணயர்ந்ததும் அவள் அவருடைய ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, ஒயரைக் கழற்றிவிட்டு ரேடியோவைத் திருகினாள். பழைய பாட்டு ஒன்று பளிச்சென்று கேட்டது. பாட்டு முடிந்து ஒரு குரல் வந்தது.

"இது நம்ம தெரு ரேடியோ. தெருமுனை தாண்டினா கேக்காது, அதனால யாரும் தாண்டாதீங்க. ஆமா, ஜன்னல்ல நம்ம டிரைவர் அண்ணனைக் காணோமே? யாரோ அக்கா உக்காந்திருக்காங்க. மூஞ்சியப் பாத்தா பாட்டு பிடிக்கல போல."

எனக்குமா? தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தாள். பிறகுதான் தலையைத் தூக்கினாள். எதிரே கடிகாரம் பழுதுபார்க்கும் கடையின் மாடியில் ஒருவன் மைக்குக்குப் பின்னாலிருந்து கையாட்டினான்.

மகன் மாத்திரைப் பொட்டலத்தோடு படியேறி வந்தான். அவள் சொன்னதைக் கேட்டு ஒரு மாதிரி பார்த்தான்.

"நீங்களுமா, சிஸ்டர்? வேற ஆளை அனுப்பச் சொல்லணும் போலிருக்கே."

"சொல்லிக்குங்க. முதல்ல இதுல உக்காருங்க."

உட்கார்ந்தான். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. எதிர் மாடியில் ஆளைக் காணோம். அவள் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள்.

பேச்சுச் சத்தத்தில் விழித்த டிரைவர் கட்டிலிலிருந்தே சொன்னார்: "டீ குடிக்கப் போயிருப்பான். பாட்டை வரிசையா ஓடவிட்டுட்டு எறங்கிடுவான், களவாணி."

மகன் பொட்டலத்தைப் பிரிக்கத் தொடங்கினான். அவள் அவன் கையைப் பிடிக்காத குறை.

"வந்துட்டேன்," என்றது ரேடியோ. "என் கடைக் கதவை அடைச்சு வெள்ளைக் காரை நிறுத்தின புண்ணியவான் யாருப்பா? ஜன்னல்ல கண்ணாடி போட்டிருக்கிற தம்பியா? டிரைவர் அண்ணே, உங்க புள்ளையா? மூக்கு அப்படியே இருக்கு!"

மகனின் கை தானாக மூக்குக்குப் போனது.

"போய் வண்டியை எடுடா," என்றார் டிரைவர். "இத்தனை வருஷம் பஸ் ஓட்டியும் ஒருத்தன் வாசலை அடைச்சதில்ல நான்."

மகன் பொட்டலத்தைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தான்.

"டாக்டர்கிட்ட இதைச் சொல்லிடுங்க," என்றாள் அவள்.

"சொன்னா எனக்கும் சேர்த்து எழுதிக் குடுப்பாரு, சிஸ்டர்."

"அப்போ அவரையும் கூட்டிட்டு வந்து இதே நாற்காலியில உக்கார வைங்க. அதுவரைக்கும் நான் ஒரு மாத்திரை குடுக்க மாட்டேன்."