வற்றல் கிட்டங்கியில் கட்டிய கார்

என் மனைவி ஒரு கார் கட்டப் போவதாகச் சொன்னபோது, வாங்கப் போவதாகச் சொன்னாள் என்றுதான் என் காதில் விழுந்தது. எங்களுக்குக் கார் தேவையாகவும் இருந்தது. அம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒவ்வொரு முறையும் வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்போம். அதனால், நல்லதாகப் பார்த்து எடு என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அருப்புக்கோட்டையில் மிளகாய் வற்றலும் மல்லியும் மொத்தமாக வாங்கி விற்பது எங்கள் தொழில். பாளையம்பட்டிப் பக்கம் வீட்டை ஒட்டியே சரக்கு அடுக்குகிற கிட்டங்கி. என் மனைவி மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டுக் கல்யாணம் வரைக்கும் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தாள். பந்தயத் தளத்தில் ஓடுகிற கார்களைத் தயார்செய்யும் பட்டறை அது. எஞ்சினைப் பிரித்துக் கோர்ப்பதில் அங்கே அவளுக்கு நல்ல பேர். ஆனால் தான் தயார்செய்த கார்களில் ஒன்றைக்கூட அவள் தளத்தில் ஓட்டியதில்லை. காரின் சொந்தக்காரர்கள் வருவார்கள், ஓட்டுவார்கள், போவார்கள். இதை அவள் ஒருநாளும் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவள் எடுத்த கார் நரிக்குடியிலிருந்து ஒரு லோடு வண்டியில் வந்து இறங்கியது. பழைய சின்னக் கார். ஒரு வீட்டுக்குப் பின்னால் பல வருஷமாக நின்றிருக்கிறது. வெள்ளாடுகள் மேலே ஏறிப் படுத்ததில் பானட்டு முழுக்கக் குளம்புக் கீறல். அம்மா சுற்றிவந்து பார்த்துவிட்டு, சீட்டு நல்லாத்தான் இருக்கு, உறை போட்டால் போதும் என்றாள். மறுநாள் காலையில் அந்தச் சீட்டுகள் கிட்டங்கிக்கு வெளியே கிடந்தன. அடுத்து தரை விரிப்பு, கதவின் உள்பக்க அட்டை, ஏசி, பாட்டுப் பெட்டி, பின்பக்கக் கண்ணாடி ஏற்றும் கம்பி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டே இருந்தது. ஒரு வாரத்தில் காருக்குள் வெறும் தகரம்தான் மிச்சம்.

அப்போதுதான் அவள் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினாள். இது ரோட்டில் ஓடப்போகிற கார் இல்லை. பந்தயத் தளத்தில், அதற்கென்று விடுகிற நாளில், ஒரே ஒருவர் உட்கார்ந்து ஓட்டுகிற கார். எடையைக் குறைக்கத்தான் எல்லாவற்றையும் கழற்றுவது. எஞ்சினோடு டர்போ ஒன்றைச் சேர்க்கப் போகிறாள். வீணாக வெளியே போகிற புகை அதில் ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரம் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி ஊட்டும். காற்று கூடினால் பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினால் வேகம் கூடும்.

அம்மா பொறுமையாகக் கேட்டாள். "இதுல கோயிலுக்குப் போக முடியாது, ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. பெறகு எங்கதான் போறது ஆத்தா?"

"எங்கயும் போறதில்ல அத்தை. வேகமாச் சுத்திட்டு, கெளம்புன எடத்துக்கே வந்துரணும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கிட்டங்கியின் கூரையைப் பார்த்தேன்.

சித்திரை மாசம் அது. காரின் தரையில் சத்தம் கேட்காமல் இருக்கத் தார் மாதிரி ஒன்றைக் கம்பெனியில் பூசியிருந்தார்கள். அதைச் சுரண்டி எடுக்கவேண்டும். எங்கள் ஊர் வெயிலில் காலைப் பலகாரம் முடிவதற்குள் அது பலாப்பிசினாகிக் கையோடு வரும். அதனால் கோழி கூவும்போதே எழுந்து, தகரம் குளிர்ச்சியாக இருக்கிற நேரத்தில் உளியை வைத்துத் தட்டுவாள். தார் அப்போது சில்லுச் சில்லாகப் பெயரும். வெயில் ஏறியதும் குளித்துவிட்டு என்னோடு கடைக்கு வந்துவிடுவாள். வியாபாரம் எதிலும் ஒரு குறை வைக்கவில்லை. மல்லியை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து தரம் சொல்கிற அந்தக் கையின் நக இடுக்கில் தார் இருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். எனக்கு அது பிடித்திருந்தது.

கார் கவிழ்ந்தாலும் ஓட்டுகிறவர் நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் குழாயில் ஒரு கூண்டு வேண்டும். டவுனில் இரும்புக் கட்டில் செய்கிற பட்டறையில் குழாய் வளைக்கும் மெஷினைக் கேட்டு, அங்கேயே நின்று தன் கையால் வளைத்தாள். ஒரு வளைவு நூல் பிசகினாலும் அந்தக் குழாயை ஒதுக்கிவிட்டு வேறு எடுப்பாள். ஒட்டவைத்தால் தெரியாதே என்று நான் ஒரு தடவை கேட்டேன். தலைக்கு மேலே இருக்கப்போகிற குழாய் என்று மட்டும் சொன்னாள்.

டர்போ வீரசோழனிலிருந்து வந்தது. அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிற பாய் எங்களிடம் வற்றல் எடுப்பவர். ஷார்ஜாவில் பழைய கார்ச் சாமான் விற்கும் கடையில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்தவர். பேச்சுவாக்கில் அவள் கேட்டதும், அங்கே இருக்கும் மச்சினனுக்கு அந்த இடத்திலேயே போன் போட்டார். லீவில் வந்த மச்சினன் கைலிகளுக்கு நடுவே சுற்றி அதைக் கொண்டுவந்தார். நத்தை ஓடு மாதிரி சுருண்ட இரும்பு. பாய் அதைக் கொடுக்க வந்த அன்று கிட்டங்கியில் நின்ற காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம், தங்கச்சி ஷார்ஜாவில் பிறந்திருந்தால் பெரிய பட்டறைக்கே முதலாளியாகியிருக்கும் என்றார். அதற்கப்புறம் சரக்கெடுக்க வருகிற நாளெல்லாம் ஒரு மணி நேரம் அவளுக்கு ஸ்பானர் எடுத்துக்கொடுத்துவிட்டுத்தான் போவார்.

முதல்முறை எஞ்சினை ஓடவிட்டபோது நடந்ததை எங்கள் தெரு இன்னும் சொல்லிச் சிரிக்கும். சைலன்சர் என்று பெரிதாக எதுவும் இல்லை. சாவியைத் திருகியதும் ஒரு வெடிச்சத்தம், அப்புறம் ஒரு உறுமல். பின்னால் பீறிட்ட புகை கிட்டங்கித் தரையில் பல வருஷமாகப் படிந்திருந்த மிளகாய்த் தூசி முழுவதையும் ஒரே மூச்சில் கிளப்பிவிட்டது. பாய், அம்மா, நான், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினோம். அவள் மட்டும் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு எஞ்சின் மேல் காதைச் சாய்த்தபடி நின்றிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்தது. மிளகாயா சந்தோஷமா என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து எஞ்சின் வேலையெல்லாம் வாசலில் பந்தல் போட்டுத்தான் நடந்தது.

ஓட்டிப் பார்க்க இடம் வேண்டுமே. நின்றுபோன நூல் ஆலை ஒன்றின் உள்ளே லாரிகள் திரும்புவதற்கான பெரிய சிமெண்டுக் களம் இருந்தது. சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டுக் காரை அங்கே ஏற்றிப் போனோம். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக, வட்டம் வட்டமாகச் சுற்றினாள். கார் கீழே குந்தி உட்கார்ந்து பாய்வதைப் பார்க்க எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. திடீரென்று எஞ்சினுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது மாதிரி ஒரு சத்தம். நீல நிறத்தில் புகை. கார் நின்றுவிட்டது.

மறுநாள் எஞ்சினைப் பிரித்தாள். பிஸ்டன்களில் ஒன்று ஓரத்தில் உருகி, எலி கடித்த தேங்காய்ச்சில் மாதிரி இருந்தது. அதைச் சாக்கின் மேல் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை மாத வேலையும் போய்விட்டதே என்று எனக்குத்தான் தாங்கவில்லை. இத்தோடு விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"ஏன் உருகுச்சுன்னு தெரியாம விட முடியாதுங்க" என்றாள். "தெரிஞ்ச பெறகு வேணா விட்டுருவம்."

எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போகிறது என்பதையெல்லாம் அதிலிருந்த சின்னக் கம்ப்யூட்டர் பதிந்துவைத்திருந்தது. அதை லேப்டாப்பில் போட்டுப் பல நாள் பார்த்தாள். ஒருநாள் சமையலறையிலிருந்து ஒரு சொம்பில் பாதித் தண்ணீரோடு வந்தாள். கையை நீட்டிக்கொண்டு வாசலில் வேகமாக ஒரு சுற்றுச் சுற்றினாள். தண்ணீர் சொம்பின் ஒரு பக்கமாக ஏறி நின்றது, மறுபக்கம் அடி தெரிந்தது. வேகமாகத் திரும்பும்போது பெட்ரோல் டேங்க்கிலும் இதுதான் நடக்கிறது என்றாள். பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிவிட, உறிஞ்சும் குழாய் வெறும் காற்றை இழுக்கிறது. பெட்ரோல் குறைந்த எஞ்சினுக்குள் சூடு தாங்கமுடியாமல் ஏறி, பிஸ்டன் உருகிவிடுகிறது. அம்மா அன்று சொம்பைத் தானும் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "ஆமாத்தா, ஒதுங்கத்தான் செய்யுது" என்றாள்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அவள் விடவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் நிறைந்தே இருக்கும்படி நடுவில் சின்ன டேங்க் ஒன்றைச் செய்து பொருத்தினாள். புதுப் பிஸ்டன்கள் வந்தன. ஆலைக் களத்தில் மறுபடியும் சுற்றினாள். இந்தத் தடவை, போதும் வா என்று நான் கையைக் காட்டுகிறவரைக்கும் சுற்றினாள்.

தை மாசம், கோயம்புத்தூர்ப் பக்கம் உள்ள தளத்தில் காசு கட்டி யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று விடுகிற ஒரு நாளுக்குப் பேர் கொடுத்திருந்தாள். லோடு வண்டியில் காரைக் கட்டி ஏற்றிக்கொண்டு போனோம். டிரைவர் பாளையம்பட்டிக்காரர், வழக்கமாக எங்கள் வற்றல் மூட்டை ஏற்றுகிறவர். தளத்தில் காரைச் சோதிக்க வந்தவர் என்னிடம்தான் ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தெரியாது, கட்டினது அவுகதான் என்று அவள் பக்கம் கையைக் காட்டினேன். அப்புறம் அவர் அவளிடம் கேட்க ஆரம்பித்தார். சோதனை முடிந்த பிறகும் கூண்டின் வெல்டிங்கைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளக்கிற கார்களுக்கு நடுவே எங்கள் கார் பெயிண்டுகூட முழுசாக இல்லாமல் நின்றது. பானட்டில் வெள்ளாட்டுக் குளம்பின் கீறல் அப்படியே இருந்தது. அவள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். முதல் சுற்றில் எல்லாக் கார்களும் அவளைத் தாண்டிப் போயின. இரண்டாவதிலும் அப்படித்தான். எனக்கு முகம் வாடிவிட்டது. மூன்றாவது சுற்றில், நேர்ப்பாதைக்குள் திரும்புகிற வளைவில் அந்த டர்போவின் சீட்டிச் சத்தத்தைக் கேட்டேன். முன்னால் போன ஒரு விலையுயர்ந்த காரின் ஓட்டுநர் கையை வெளியே நீட்டி வழி விட்டார். அவள் தாண்டிப் போனாள். வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்ததில் என் கையில் தடம் பதிந்துவிட்டது.

அப்படி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, இன்னும் நேரம் மிச்சமிருக்க, வேகத்தைக் குறைத்து வெளியே வந்துவிட்டாள். எஞ்சின் சூடு ஏறுகிறது என்றாள். இன்னும் ரெண்டு சுற்றுப் போயிருக்கலாமே என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அவள் பானட்டைத் திறந்தாள். முன்னால் வருகிற காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் அதன் ஓரத்து இடைவெளி வழியாகத் தப்பி ஓடுகிறது என்று கண்டுபிடித்தாள். நான் உட்கார்வதற்குக் கொண்டுவந்திருந்த சின்ன மெத்தையைக் கேட்டாள். கொடுத்தேன். கத்தியால் பிளந்து, உள்ளிருந்த ஸ்பாஞ்சுப் பட்டையைக் கீற்றுக் கீற்றாக வெட்டி இடைவெளிகளில் அடைத்தாள். மத்தியானத்துக்குமேல் மறுபடி போனாள். எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் ஏறவில்லை. கொடி காட்டி எல்லோரையும் வெளியே கூப்பிடுகிறவரைக்கும் ஓட்டினாள்.

ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகமெல்லாம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "ஒரு வளைவுல மட்டும் பயந்துட்டேங்க" என்றாள். "மத்த எடமெல்லாம் நான் சொன்னதக் காரு கேட்டுச்சு."

அந்த நாளில் பரிசு என்று எதுவும் கிடையாது. யார் வேகம் என்று ஒருவரும் அறிவிக்கவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டோம். முழுசாக வந்தாளா என்று மட்டும் கேட்டாள். வந்துவிட்டாள் என்றதும், பாய் காலையிலிருந்து கடைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார், அவரிடமும் சொல் என்று போனைக் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது திண்டுக்கல் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். பொழுது அடைந்து, கடை விளக்கு வெளிச்சம் வண்டியின் மேல் விழுந்தது. டிரைவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே கட்டியிருந்த காரையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அதில் உட்காரலாமா அக்கா என்று கேட்டார். அவள் உடனே வண்டியில் ஏறி, கூண்டுக் குழாயில் இடிக்காமல் தலையை எப்படிக் குனிய வேண்டும் என்று காட்டி அவரை உள்ளே உட்காரவைத்தாள். நான்கு பக்கத்து பெல்ட்டையும் மாட்டி இழுத்து இறுக்கிவிட்டாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே ரோட்டைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். அவள் ஜன்னலில் சாய்ந்து, தான் பயந்த அந்த வளைவில் எங்கே பிரேக்கைத் தொட வேண்டும், எங்கே விட வேண்டும் என்று கையால் காற்றில் கோடு போட்டு அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். மூன்று பேர் டீயும் ஆறிப்போனது. நான் கடைக்காரரிடம் வேறு போடச் சொன்னேன்.