முனியாண்டி மண்ணில் ஒரு பெரிய காயில்

நீங்கள் எப்போதாவது தங்கம் தேடியிருக்கிறீர்களா? நகைக் கடையில் அல்ல. மண்ணில்.

நான் தேடினேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க. புக்கிட் பெலண்டோக் பக்கம் இருக்கும் எங்கள் பழைய ரப்பர்த் தோட்டத்தில், முனியாண்டி கோயில் நின்ற இடத்தில், காதில் ஹெட்போனும் கையில் மெட்டல் டிடெக்டருமாக.

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

தோட்டம் விற்றாகிவிட்டது. வீடுகள் வரப் போகின்றன. இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இதைப் படிக்கும் உங்களில் பல பேருடைய தோட்டத்திலும் இப்போது மாடி வீடுகள்தான் நிற்கின்றன. எங்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம்... சாலையோரம் கோயிலுக்கென்று ஒரு துண்டு நிலம் கொடுத்தார்கள். முனியாண்டியை அங்கே மாற்றிவிட்டு, பழைய இடத்தைத் திங்கட்கிழமை காலை ஒப்படைக்க வேண்டும்.

சாமியைத் தூக்குவது பிரச்சினை இல்லை. சாமிக்கு அடியில் இருந்ததுதான் பிரச்சினை.

பீடம் கட்டும்போது அடியில் ஒரு பொட்டுத் தங்கமாவது வைப்பார்கள், தெரியும்தானே? முனியாண்டிக்குச் சிமெண்டுப் பீடம் கட்டியபோது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் யாரிடம் கொட்டிக் கிடந்தது தங்கம்? அம்மாவிடம் ஒரு மூக்குத்தி இருந்தது. தாலியை விட்டால் அவருக்கு இருந்த ஒரே நகை. கழற்றிப் பூசாரியிடம் கொடுத்துவிட்டார். வயிற்றில் இருக்கும் பிள்ளை ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியைத் தொடக் கூடாது, படிக்க வேண்டும் — இதுதான் வேண்டுதல்.

நான் கத்தியைத் தொடவில்லை. எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் வரை போன ஒரே ஆளும் நான்தான். இந்தப் பக்கத்தில் இதை எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. இன்னும் சொல்வேன்.

அம்மா அதற்குப் பிறகு வேறு மூக்குத்தி போடவே இல்லை. துளை தூர்ந்தே போய்விட்டது.

கோயில் மாறப் போகிறது என்று தெரிந்த அன்று, இப்போது நாங்கள் இருக்கும் மம்பாவில், எங்கள் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா சொன்னார்.

“சாமி போற எடத்துக்கு அதுவும் போவணும் பாப்பா. இல்லன்னா குடுத்தத பாதி வழியில வுட்டுட்டு வந்த மாரி.”

தன்னுடையது என்று அம்மா எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. இதைக் கேட்டார்.

கையால் தோண்டி எடுக்கலாமே என்கிறீர்களா? துவரம்பருப்பு அளவு மூக்குத்தி. முதல் பீடம் எந்த மூலையில் இருந்தது என்பதே பூசாரிக்குச் சரியாக நினைவில்லை. சுற்றிலும் தரையை உயர்த்தி, சிமெண்டு போட்டு, டைல்ஸ் போட்டு, மறுபடியும் உயர்த்தி... எங்கே என்று தோண்டுவது?

அப்போதுதான் ராஜன் அண்ணன் நினைவுக்கு வந்தார். பெரியப்பா மகன். லோரி ஓட்டுகிறவர். லீவு நாளில் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு கோலா பிலா பக்கம் ஆற்றோரங்களில் தங்கம் தேடுவது அவருடைய பொழுதுபோக்கு. இதுவரை கிடைத்தவை: கடுகளவு தங்கம், வாளி நிறைய டின் மூடி, அண்ணியின் கோபம்.

அவருடைய டிடெக்டர் தங்கத்துக்கென்றே செய்தது. ஆனால் அதன் காயிலை — தரைக்கு மேல் ஆட்டுவோமே, அந்தத் தட்டு — அவருடைய லோரியே ஏறி நசுக்கிவிட்டது. அந்த மாடலுக்கான காயிலைச் சொந்தக் கம்பெனி இப்போது செய்வதில்லை. வேறு கம்பெனிகள் அதற்குப் பொருந்துகிற மாதிரி செய்து விற்கின்றன. சின்னது, பெரியது, வட்டம், முட்டை வடிவம் என்று பலவிதம்.

எதை வாங்குவது?

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் இங்கிலீஷில் இருக்கும் எதுவும் என்னிடம்தான் வரும். இன்சூரன்ஸ் கடிதம், வாஷிங் மெஷின் புத்தகம், டாக்டர் எழுதிய சீட்டு... இப்போது காயில். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கும்.

ஒரு வாரம் படித்தேன். ஆஃபீஸில் சாப்பாட்டு நேரத்தில்கூடக் காயில்தான். விஷயம் எளிது. பெரிய காயில் ஆழமாகப் போகும், ஒரு வீச்சில் அகலமாகவும் பார்க்கும். ஆனால் தனக்குக் கீழே இருப்பதையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கேட்கும். சின்னக் காயிலுக்கு ஆழம் குறைவு. ஆனால் பொடித் தங்கத்தையும் விடாது. பக்கத்தில் இரும்பு கிடந்தால் இது வேறு அது வேறு என்று பிரித்துச் சொல்லும்.

விற்பவர் வெளிநாட்டுக்காரர். நல்ல மனிதர். என்ன மண், எவ்வளவு ஆழம் என்று கேட்டு எழுதினார். செம்மண், முழங்கை ஆழத்துக்கும் கூட என்று பதில் போட்டேன். அந்த இடத்தில் இரும்புக் குப்பை ஏதும் உண்டா என்று அடுத்துக் கேட்டார்.

இல்லவே இல்லை என்று எழுதினேன். அது கோயில். தினமும் பெருக்கித் தண்ணீர் தெளிக்கிற சுத்தமான இடம்.

அப்படியானால் பெரியது போதும் என்றார் அவர். சந்தேகமிருந்தால் சின்னதையும் சேர்த்து அனுப்புவதாகச் சொன்னார். எனக்கா சந்தேகம்?

ராஜன் அண்ணன் பெரியதைத்தான் வாங்கச் சொன்னார். பெரியது என்றால் அவருக்குப் பிடிக்கும், லோரி ஓட்டுகிறவர் இல்லையா? அம்மா மட்டும் கணினித் திரையில் இருந்த படத்தை உற்றுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இத்தாம் பெருசு... அத்துனூண்டு மூக்குத்தி கெடந்தா அதுக்குக் கேக்குமா?”

“கேக்கும்மா. நான் எல்லாம் படிச்சிட்டேன்.”

சனிக்கிழமைதான் பார்சல் வந்து சேர்ந்தது. ஞாயிறு காலை பூசாரி சூடம் காட்டி, சாமியைச் சிவப்புத் துணியில் சுற்றி, சாலையோரப் புது நிலத்தில் போட்டிருந்த கூடாரத்துக்குள் வைத்தார். பீடத்தை உடைத்துச் சிமெண்டை அள்ளிப் போட்டார்கள். நான் டிடெக்டரைப் போட்டேன்.

அலறல்.

ஓரடி தள்ளி வைத்தேன். அலறல். இன்னும் தள்ளி... அதே அலறல். ராஜன் அண்ணன் ஆசையோடு தோண்டினார். வந்தது ஒரு சூலம். பக்கத்திலேயே இன்னொன்று. அதற்குக் கீழே மொக்கையாகிப் போன அரிவாள் ஒன்று. அதற்கும் கீழே மறுபடியும் சூலங்கள், துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிப்போய்.

பூசாரி எங்களை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“பழசாப் போன சூலத்த இங்கதானேம்மா பொதைப்போம். குப்பையிலயா கொண்டு போட முடியும்?”

எனக்குத் தெரியாதா? தெரியும். வேண்டுதல் நிறைவேறினால் சூலம் நடுவார்கள். துருப்பிடித்துச் சாய்ந்தால் அங்கேயே புதைப்பார்கள். காலங்காலமாக நடப்பது. பள்ளிக் கடைசி வருட எஸ்.பி.எம். பரீட்சை முடிவு வந்ததும் நானே ஒரு சூலம் நட்டவள்.

ஆனால் இரும்பு உண்டா என்று ஒருவர் கேட்டபோது என் மனதில் வந்தது ஆணி, தகரம், பழைய சைக்கிள் சக்கரம். சூலம் வரவில்லை. எனக்கு மட்டுமல்ல. அண்ணனுக்கும் வரவில்லை, அம்மாவுக்கும் வரவில்லை. இரும்பின் மேல் மஞ்சளும் குங்குமமும் பூசி ஒரு எலுமிச்சம்பழத்தைக் குத்திவிட்டால், எங்களைப் பொறுத்தவரை அது இரும்பாக இருப்பதை நிறுத்திவிடுகிறது.

டிடெக்டருக்குப் பக்தி கிடையாது.

பகல் முழுக்க இரும்பை எடுத்தோம். கோணி கோணியாக. எடுத்த பிறகும் மண்ணெல்லாம் துருத் துகள். அந்தப் பெரிய காயில் அத்தனையையும் சேர்த்துக் கேட்டு ஓயாமல் அழுதது. சின்னக் காயில் இருந்திருந்தால் துகள்களுக்கு நடுவே நுழைந்து பார்த்திருக்கலாம். உறுதியாகக் கிடைத்திருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் பார்த்திருக்கலாம்... அவர் சேர்த்து அனுப்புகிறேன் என்றாரே?

அண்ணன் சைட் சூப்பர்வைசரிடம் போய் இரண்டு வாரம் தவணை கேட்டார். அது தன் கையில் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். பாவம், அவரும் சம்பளக்காரர்.

பிற்பகலில் டிடெக்டரை ஓரமாக வைத்துவிட்டேன். அம்மாவும் நானும் மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலித்தோம். கல், துரு, கண்ணாடி வளையல் துண்டு. மழை பிடித்துக்கொண்டது. செம்மண் சேறானது. சேற்றைச் சலிக்க முடியாது.

பூசாரி வந்து, பிடிமண் எடுத்துக்கொண்டு போனால் போதும், புதுப் பீடத்துக்கு அதுவே நிறைவு, சாஸ்திரம் அப்படித்தான் என்றார். சாமிக்குப் போதும்தான். அம்மாவுக்கு?

அம்மா ஒரு பிடி சேற்றை மஞ்சள் துணியில் முடிந்தார். காரில் திரும்பும்போது எனக்குத் தாங்கவில்லை. நான் ஒரு புது மூக்குத்தி வாங்கித் தருகிறேன், அதையே புதுப் பீடத்தில் வைக்கலாம் என்றேன். அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“வையி பாப்பா. ஆனா அது உன் வேண்டுதல். என்னுது அது இல்ல.”

திங்கட்கிழமை புல்டோசர் வந்தது.

அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன், ஏன் என்று கேட்காதீர்கள். சின்னக் காயிலுக்கும் ஆர்டர் போட்டேன். அது வந்து சேர்ந்த நாளில் போய்ப் பார்த்தேன். தகர வேலி அடைத்துவிட்டார்கள். மேடு வெட்டப்பட்டு, பள்ளம் நிரப்பப்பட்டு, எங்கள் முனியாண்டி எந்தத் திசையில் நின்றார் என்றே தெரியவில்லை. வேலியில் ஒரு பெரிய விளம்பரப் பலகை. அதில் அப்பா, அம்மா, புத்தகப் பையோடு ஒரு குழந்தை, மூவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நாளைக்கு உங்கள் பிள்ளை நன்றாகப் படித்தால், எல்லாப் பெருமையும் உங்களுடையது என்று நினைத்துவிடாதீர்கள்.