கண்ணாடிக்கு மேலே வேலை

என் மனைவி காலமாகி இன்னும் வருடம் திரும்பவில்லை. துக்க வருடத்தில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகலாகாது என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை எங்கே அழைத்துச் செல்வதென்று என் மகள் திகைத்தாள். நான் இதுவரை அழவில்லை என்பதே அவளுடைய பெருங்கவலை. அடக்கத்தன்றும் அழவில்லை, கருமாதியன்றும் அழவில்லை.

"உள்ளுக்குள்ளேயே வெச்சிருந்தா உடம்புக்கு ஆகாதுப்பா" என்பாள்.

உள்ளே எதையும் வைத்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சோறு சோறாகவும் தண்ணீர் தண்ணீராகவும் இருந்தன. அவ்வளவே.

சென்ற மாதம் சிரம்பானில் ஒரு கடைவீட்டின் மாடிக்கு அழைத்துச் சென்றாள். பழைய விளையாட்டு இயந்திரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் காட்சிக்கூடம் அது.

"கோயிலும் இல்ல, கல்யாணமும் இல்ல. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க லா" என்றாள்.

சன்னல் ஓரத்தில் ஒரு பின்பால் மேசை நின்றது. சாய்ந்த கண்ணாடி, அடியில் விளக்குகள், ஓர் இரும்புக் குண்டு. அதே மாதிரி ஒன்று ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், துரைமார் கிளப்பில் இருந்தது. அங்கே என் மனைவிதான் துப்புரவு வேலை பார்த்தாள். ஒரு தரமாவது ஆடிப் பார்த்தாயா என்று அக்காலத்தில் கேட்டிருக்கிறேன்.

"கண்ணாடிக்கு மேலதான் எனக்கு வேலை. உள்ள இருக்கிறது துரைங்க வேலை" என்று சிரித்தாள்.

காட்சிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரப் பெண்மணி மேசையைக் காட்டி, "மாயின் லா, பாக்சிக்" என்றார். ஆடுங்கள் பெரியவரே என்கிறார்.

பிடியை இழுத்து விட்டேன். குண்டு மேலே ஓடி, எதிலெதிலோ மோதி, மணியடித்து, நான் பொத்தானை அழுத்துமுன் கீழே குழிக்குள் போய்விட்டது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க அங்கே ஒன்றுமில்லை.

கண்ணாடியில் என் விரல் தடங்கள் பதிந்திருந்தன. தோள் துண்டை எடுத்தேன். வாயால் ஊதி, மேல் மூலையிலிருந்து துடைக்கத் தொடங்கினேன்.

"வேண்டாம் பாக்சிக்" என்றார் அந்தப் பெண்மணி. நான் நிறுத்தவில்லை.

"அம்மா இப்படித்தான் ஊதி ஊதித் துடைப்பாங்க" என்றாள் மகள். சிறு பிள்ளையில் தாயோடு அந்தக் கிளப்புக்குப் போய் வாசற்படியில் உட்கார்ந்திருந்தவள் அவள். மேசையைப் பிடித்துக்கொண்டு விம்மி அழுதாள்.

துண்டை அவளிடம் கொடுத்தேன். கீழ் மூலையில் இன்னும் ஒரு தடம் இருந்தது. அதைச் சட்டைக் கையால் துடைத்து முடித்தேன்.