ராத்தா இரும்படிக்கப் போனார்

சிங்கப்பூரின் தேக்கா சந்தை மாடியில் இருந்த தையல்கடையில், நான் ராத்தா என்று கூப்பிடும் என் அக்கா கடைசி முறையாக மிஷினின் பிளக்கைப் பிடுங்கிய மதியம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. அவசரமே இல்லாமல் வயரைக் கையில் சுற்றினார். கீழே சந்தையில் மீன்கடைக்காரர்கள் தரையைக் கழுவிவிடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நுணுக்க வேலைக்கு இனி உங்கள் கண் ஒத்துழைக்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முப்பது வருடம் ஊருக்கே தைத்துக் கொடுத்தவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. எங்கள் அண்ணனும் குடும்பத்தில் மூத்தவருமான நானா, வாசலில் நின்றபடியே அடுத்த முடிவையும் அறிவித்துவிட்டார். "போதும்மா. இனிமே வீட்ல இரு. தொழுகை, ஓதல், பேரப்பிள்ளைங்கன்னு நிம்மதியா இரு." ராத்தா பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாவிட்டால் சம்மதித்துவிட்டார் என்றுதான் அதுவரை நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம்.

அவர் கைப்பையில் ஒரு முகவரி அட்டை இருந்தது எங்களுக்குத் தெரியாது. கடைக்கு ஒரு சீன வாடிக்கையாளர் வருவார், முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் கொண்டுவரும் ஜீன்ஸில் எல்லாம் மிளகு மிளகாகப் பொத்தல்கள். சிகரெட் என்று நினைத்து ராத்தா ஒருநாள் கண்டிக்கவே, அவர் சிரித்துவிட்டு, அது இரும்புப் பொறி என்றிருக்கிறார். கிழக்குப் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில் சின்னதாகப் பட்டறை வைத்து, ஆசைப்பட்டு வருகிறவர்களுக்குச் சனிக்கிழமைகளில் கொல்லு வேலை, அதாவது இரும்படிக்கும் வேலை, சொல்லித்தருகிறாராம். தன் அட்டையையும் கொடுத்திருக்கிறார். ராத்தா அதற்குப் பிறகு ஒவ்வொரு பொத்தலையும் அடைக்கும்போது ஒவ்வொரு கேள்வி கேட்டிருக்கிறார். கடையை மூடிய மறுவாரம் கிளமெண்டியில் உள்ள என் வீட்டுக்கு வந்து, அட்டையை மேசையில் வைத்தார். "இதுல என் பேரைப் போட்டு விடு. எனக்கு அந்த ஆன்லைன் எல்லாம் வராது."

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. எதையும் பெரியவர்களிடம் கேட்டுச் செய்துதான் பழக்கம். அன்றைக்கே நானாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் கொதித்துப் போனார். பொம்பளை, இந்த வயது, இந்தக் கண், அதுவும் நெருப்பு. கடைசியில் குரலைத் தணித்து, "இடம் இல்லைன்னு சொல்லிடு. அவளே மறந்துடுவா" என்றார். நானும் அப்படியே சொன்னேன். "மூணு மாசத்துக்கு ஃபுல்லாம், ராத்தா." சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். இன்று அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிவிட்டு வந்தால், என் வீட்டு வாசலில் ராத்தா. ரயிலும் பேருந்தும் மாறி அந்தப் பட்டறைக்கே நேரில் போய்விட்டு வந்திருக்கிறார். உள்ளே வரவில்லை. தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "மூணு பேர்தான் இருந்தாங்க. நாலாவது நான்" என்று மட்டும் சொல்லிவிட்டு லிஃப்டைப் பார்த்து நடந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை நானா வீட்டில் எல்லோரும் கூடினோம். "கண்ணு தெரியலைன்னுதானே கடையை மூடினே? நெருப்பு மட்டும் தெரியுமா?" என்று நானா கேட்டார். ராத்தா தேநீரை முழுதாகக் குடித்து முடித்தார். "ஊசிக் காது தெரியலை நானா. சிவந்த இரும்பு நல்லாத் தெரியுது."  எங்களைப் பெற்ற வாப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் நானாவுக்கு எதிராக ஒருவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

போனார். நைலான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்று ராத்தாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கடையில் மிஞ்சிய தடித்த பருத்தித் துணியில் முழங்காலுக்குக் கீழே வரை ஏப்ரன் அடித்து, அதே துணியில் தலையை மூட ஒரு தூடோங்கும் தைத்து, பின்னால் இறுக்கி முடிந்துகொண்டு போனார். முதல் இரண்டு வாரம் கம்பியின் நுனியைக் கூராக்குவதிலேயே போயிற்று. மூன்றாம் வாரம், நிறம் கறுத்துவிட்டதால் ஆறிவிட்டது என்று எண்ணி ஒரு கம்பியை வெறும் இடது கையால் எடுத்துவிட்டார். உள்ளங்கையிலும் இரண்டு விரல்களிலும் கொப்புளம். கிளினிக்கிலிருந்து நானா காரில் அழைத்துவந்தார். வழி முழுக்க அவர்தான் பேசினார். இத்தோடு முடிந்தது என்று எனக்கும் போன் செய்து சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை காலை ராத்தா வீட்டில் இல்லை. "போய்க் கூட்டிட்டு வா" என்று நானா என்னைத்தான் அனுப்பினார். போனேன். தாழ்ந்த கூரை, சுழலும் பெரிய மின்விசிறி, சீறிக்கொண்டிருக்கும் கேஸ் உலை. ராத்தா கட்டுப்போட்ட கையோடு, இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கு முன்னால் நிற்க, பயிற்றுநரான அந்தச் சீன வாடிக்கையாளர் மறுத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். "ஆன்ட்டி, ஒரு கையால முடியாது லா. கை ஆறட்டும், அப்புறம் வாங்க." ராத்தா திரும்பி என்னைப் பார்த்தார். எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை. "இவ பிடிப்பா. நான் அடிப்பேன்" என்றார்.

எனக்கு மறுக்கத் தெரியவில்லை, அல்லது மறுக்கப் பிடிக்கவில்லை. கண்ணாடியும் கையுறையும் மாட்டிவிட்டு, இடுக்கியை எப்படிப் பிடிப்பது என்று பயிற்றுநர் காட்டினார். உலையிலிருந்து கம்பியை எடுத்தபோது அதன் நுனி பழுத்த பப்பாளி நிறத்தில் இருந்தது. பட்டடையில் வைத்தேன். முதல் அடி என் தோள் வரை ஏறியது. இரும்பு மெழுகுபோல் இளகி ராத்தா சொன்ன பக்கம் போனதைப் பார்த்தேன். முப்பது வருடம் அடுத்தவர் அளவுக்கே வெட்டித் தைத்த கை அது. இப்போது யாருடைய அளவும் அதற்குத் தேவைப்படவில்லை.  "ராத்தா, அன்னைக்கு இடமில்லைன்னு சொன்னேன்ல, அது..." என்று ஆரம்பித்தேன். "இரும்பு ஆறுது. பேசாம பிடி" என்றார்.

பத்து நிமிடத்தில் நானாவின் அழைப்பு வந்தது. "கிளம்பிட்டீங்களா?" வாழ்நாள் முழுக்க "சரி நானா" என்று மட்டுமே சொல்லிப் பழகிய வாய் எனக்கு. "இல்ல நானா. வேலை பாதியில இருக்கு" என்று சொல்லி, அவர் பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தேன்.  ராத்தா கம்பியைத் திரும்ப உலையில் வைக்கச் சொன்னார்.

அது நடந்து இரண்டு வருடமாகிறது. கொக்கி, கதவுப்பிடி, மெழுகுவத்தித் தாங்கி என்று ராத்தா எதை எதையோ செய்கிறார். பாதி கோணல்தான். கோணலைப் பற்றி யாராவது சொன்னால், அடுத்ததையும் கோணலாகவே செய்வார். போன நோன்புப் பெருநாளன்று நானா வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். கடையை மூடிவிட்டு என்ன செய்கிறீர்கள் என்று ஒரு பெரியவர் ராத்தாவிடம் கேட்டார். நானா முந்திக்கொண்டு, "சும்மா, வீட்லதான்" என்றார்.

"கொல்லு வேலை செய்றேன்" என்றார் ராத்தா, எல்லோருக்கும் கேட்கும்படி.

பெரியவர் சிரித்தார். "இந்த வயசுலயா?"

"இதுக்கு மேல தள்ளிப்போட்டா சுத்தியல் தூக்க முடியாது. அதான்."

சிரிப்பு நின்றது. பெரியவர் துணை தேடுகிறவர்போல என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்களாவது சொல்லக்கூடாதா?"

நானா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிரியாணித் தட்டைக் கீழே வைத்தேன்.

"நானும்தான் பட்டறைக்குப் போறேன்" என்றேன்.